ஏணியில் வாளி இல்லை

ராத்திரியில் நீச்சல் குளத்தைப் பூட்டி வைக்கலாமா வேண்டாமா என்று அந்த ரிசார்ட்டில் கூட்டம் போட்டபோது, பூட்டவே கூடாது என்று எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்றவர் வேறு யாரும் இல்லை. குளத்தைப் பார்த்துக்கொள்கிற குளத்தண்ணனேதான். ஒரு மனிதர் தன் வாயாலேயே தன் குடும்பத்துக்குக் குழி பறித்துக்கொள்வாரா? பறித்துக்கொண்டார். அதுவும் நாலு பேரைச் சிரிக்க வைத்துக்கொண்டே பறித்தார்.

குளம் தோண்டிய காலத்திலிருந்து அவர் அங்கேதான் இருக்கிறார். மண் சுமக்க வந்தவர். முதன்முதலாகத் தண்ணீர் விட்ட அன்று, "இதை யாருப்பா பார்த்துக்கப் போறது?" என்று முதலாளி கேட்டபோது பக்கத்தில் நின்ற பாவத்துக்காக அப்படியே தங்கிப்போனார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. சமையல்கட்டிலிருந்து ரிசப்ஷன் வரை எல்லோருக்கும் அவர் குளத்தண்ணன். வலை கட்டிய நீளக் கம்பால் இலை அள்ளுவார், மோட்டாரில் சிக்கிய முடியைப் பிடுங்குவார், ஈரத் துண்டுகளைப் பொறுக்குவார். கோபம் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். தண்ணீரில் எச்சில் துப்புகிறவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி, "உங்க வீட்டுக் குடத்துலயும் இப்படித்தான் துப்புவீங்களா சார்?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவார். மேலாளர் அம்மா பின்னாலேயே ஓடி வந்து மன்னிப்புக் கேட்பாள்.

குளோரின் தூளை அங்கே யாரும் குளோரின் என்று சொல்வதில்லை. மருந்து. பொழுது சாய்ந்து கடைசி ஆளும் கரையேறிய பிறகு குளத்தண்ணன் மருந்தைத் தூவுவார். தூள் அடியில் போய்ப் படிந்துவிடும் என்பதால் நீளப் பிரஷ்ஷை விட்டுத் தரையெல்லாம் தேய்த்துக் கரைப்பார். ராத்திரி முழுக்க மருந்து தன் வேலையைச் செய்யும். விடிந்ததும் ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீரைப் பிடித்து, சோதிக்கிற திரவத்தைச் சொட்டு விட்டு, நிறம் பார்த்து, சரி என்று அவர் தலையாட்டினால்தான் குளம் குளமாகும். நடுவில் எவராவது இறங்கினால் கண் எரியும், தோல் அரிக்கும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமவேண்டியதுதான்.

அதற்குத்தான் அந்தச் சிவப்பு வாளி. பகலில் இலை அள்ளிப் போடுகிற வாளி. மருந்து போட்டதும் அதைக் கழுவி, குளத்து ஏணியின் கைப்பிடியில் கவிழ்த்துத் தொங்கவிடுவார். காலையில் நிறம் பார்த்த பிறகு எடுத்துவிடுவார். வாளி தொங்கினால் இறங்காதே, வாளி இல்லையென்றால் இறங்கலாம். இவ்வளவுதான் சட்டம். விருந்தாளிகளுக்கு ரிசப்ஷனில் வாயால் சொல்லிவைப்பார்கள். சொல்ல மறந்தாலும், கவிழ்ந்து தொங்குகிற வாளியைப் பார்த்து, "இது என்னப்பா?" என்று யாராவது கேட்காமல் இருக்கமாட்டார்கள்.

ஒருமுறை ஒரு விருந்தாளி கேட்காமல் இறங்கிவிட்டார். கண் சிவந்து, இருமிக்கொண்டே வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். அதன் பிறகுதான் மேலாளர் அம்மா கூட்டம் போட்டாள். சின்ன வயசு, பெரிய படிப்பு, ஆனால் தலைக்கனம் இல்லாத பெண்.

"சுத்தி வேலி போட்டு ஒரு கேட் வெச்சிடலாம். சாயங்காலம் பூட்டினா காலையிலதான் திறக்கணும்," என்றாள்.

ரிசப்ஷன்காரர் முகத்தைச் சுளித்தார். குளம் எந்நேரமும் திறந்தே இருக்கும் என்று விளம்பரத்தில் போட்டாகிவிட்டதே! அப்போதுதான் குளத்தண்ணன் எழுந்தார்.

"பூட்டு போட்டா குடிச்சிட்டு வர்றவன் ஏறிக் குதிப்பான் மேடம். வாளியைப் பார்த்தான்னா ஒரு நிமிஷம் நின்னு யோசிப்பான். கேட்டும் வேணாம், பூட்டும் வேணாம். என் வாளி போதும்."

"வாளி கீழ விழுந்துட்டா?"

"இத்தனை வருஷமா விழுந்திருக்கா? நான் விழுந்தாலும் விழுவேன், என் வாளி விழாது."

கூட்டமே சிரித்தது. முதலாளிக்கும் செலவு மிச்சம் என்று அந்தப் பேச்சு பிடித்துப்போனது. மேலாளர் அம்மா கேட் யோசனையை அத்தோடு விட்டுவிட்டாள். அன்றைக்குக் குளத்தண்ணன் நடந்த நடையைப் பார்க்கவேண்டுமே, கால் தரையில் பாவவில்லை.

அவருக்கு ஒரே மகள். கல்யாணமாகி வேறு ஊரில் குடித்தனம் நடத்துகிறாள், இன்னும் அவருக்குப் பாப்பாதான். சின்னப் பெண்ணாக இருந்தபோது, ஆள் வராத மழை மாதங்களில் அந்தக் குளத்தில்தான் நீச்சல் பழகினாள். எழுதப் படிக்கத் தெரிவதற்கு முன்பே வாளிக்கு அர்த்தம் தெரியும் அவளுக்கு. ஒரு ஸ்பூனைத் தண்ணீரில் போட்டு எடுக்கச் சொல்வார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு துழாவுவாள்.

"கண்ணைத் தொறந்து பாரு பாப்பா. இது அப்பாவோட தண்ணி. உன்னை ஒண்ணும் பண்ணாது," என்பார்.

அவளும் திறந்தாள். அப்புறம் தண்ணீருக்குள் கண்ணை மூடுகிற பழக்கமே அவளுக்குப் போய்விட்டது.

அந்த மகளும் மாப்பிள்ளையும் ஒருநாள் தங்கிப்போக, மேலாளர் அம்மா தானாகவே குளத்தை ஒட்டினாற்போல ஒரு அறையைக் கொடுத்தாள். "உங்க பொண்ணு எங்களுக்கு விருந்தாளி இல்லையா அண்ணா?" என்றாள். கூட்டத்தில் தன்னை எதிர்த்துப் பேசியவருக்கு இப்படி ஒரு மரியாதை! குளத்தண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் மனைவியை மட்டும் கூப்பிட்டும் வரவில்லை. "அந்த மாதிரி மெத்தையில எனக்குத் தூக்கம் வராது, நீங்க போய் பார்த்துட்டு வாங்க," என்று சொல்லிவிட்டாள்.

அன்றைக்கென்று பார்த்து ஒரு கம்பெனிக்காரக் கூட்டம் காலையிலிருந்தே குளத்தில் ஊறிக்கிடந்தது. அவர்கள் கரையேறியபோது தண்ணீர் அரிசி கழுவியது போலக் கலங்கியிருந்தது. குளத்தண்ணன் திட்டிக்கொண்டே வழக்கத்தைவிடக் கூடுதலாக மருந்தைத் தூவினார். வாளியைக் கவிழ்த்துத் தொங்கவிட்டார். தரையைத் தேய்க்க பிரஷ்ஷைக் கையில் எடுத்தார்.

அந்த நேரம்தான் மகளும் மாப்பிள்ளையும் கடற்கரையிலிருந்து திரும்பினார்கள். இரண்டு பேருக்கும் முழங்கால் வரை மணல். அறை வாசலில் பளபளக்கிற தரையை மிதிக்கப் பயந்துகொண்டு, மகள் ஒற்றைக் காலில் நின்றாள்.

"அப்பா, இங்க குழாயில தண்ணி வரலை. கால் கழுவ ஏதாவது இருக்கா?"

கண்ணுக்கு எதிரில் இருந்தது வாளி ஒன்றுதான். ஒரே நிமிஷம்தானே என்று ஏணியிலிருந்து எடுத்தார். நன்றாகக் கழுவி, தோட்டத்துக் குழாயில் நிரப்பிக்கொண்டு போய் வாசற்படியில் வைத்தார். வைத்துவிட்டுத் திரும்பியிருந்தால் ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை விடவில்லை. வாசலில் கிடந்த பிரம்பு நாற்காலியை இழுத்துப்போட்டான்.

"உக்காருங்க மாமா. எப்பப் பார்த்தாலும் நின்னுகிட்டே இருக்கீங்க."

"ஐயோ, இதெல்லாம் கெஸ்ட் உக்கார்றது மாப்ள."

"இன்னிக்கு நாங்கதானே கெஸ்ட்? எங்க நாற்காலி, நாங்க சொல்றோம். உக்காருங்க."

அந்த நாற்காலியை எத்தனையோ தரம் துடைத்திருக்கிறார். ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தார். மகள் டீ போட்டுக் கொடுத்தாள். கூட்டத்தில் தான் பேசிய வீர வசனத்தை மாப்பிள்ளைக்கு நடித்துக் காட்டினார். "நான் விழுந்தாலும் விழுவேன், என் வாளி விழாது!" மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தான். மகள், "போதும்பா உங்க பெருமை," என்றாள். குளக்கரையில் பிரஷ் கிடந்தது. வாசற்படியில் வாளி இருந்தது. வேலையாட்களை வீட்டுக்கு ஏற்றிப்போகும் வண்டி ஹாரன் அடித்ததும் வாரிச்சுருட்டிக்கொண்டு ஓடினார். வண்டியில் வழியெல்லாம் அவர் வாயெல்லாம் பல். "நாற்காலியைப் போட்டு உக்காருங்க மாமான்னான்யா" என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலையில் அதே வண்டியிலிருந்து இறங்கும்போதே சத்தம் கேட்டது. ஐயோ, அது எந்தக் குரல் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. குளக்கரைக்கு ஓடினார். மகள் தரையில் சுருண்டு கிடந்தாள். இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு, "எரியுது, எரியுது," என்று கதறினாள். மாப்பிள்ளை பக்கத்தில் மண்டியிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் துண்டால் விசிறிக்கொண்டிருந்தான். ஏணியில் வாளி இல்லை.

குளத்தண்ணன் பாய்ந்தார். மகளைத் தூக்கிக்கொண்டு போய்க் குளிக்கிற குழாயடியில் உட்காரவைத்து, இமையை விரலால் பிரித்துப் பிடித்து, தண்ணீரைத் திறந்துவிட்டார். அவள் திமிறினாள். விடவில்லை. ஆஸ்பத்திரிக்கு வண்டி வந்து நிற்கும் வரை விடவில்லை. அந்தமட்டும் அவருக்குப் புத்தி வேலை செய்தது.

அப்புறம்தான் பேய் பிடித்தவர் மாதிரி ஆனார். "எவன்டா வாளியை எடுத்தது?" என்று கத்தினார். எதிரில் வந்த தோட்டக்காரரின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "செடிக்குத் தண்ணி ஊத்த நீதானே எடுத்தே? சொல்லு!" தோட்டக்காரர் பாவம், இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். பெருக்குகிற பெண்களைத் திட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் பல்லைக் கடித்தார். "எடுத்தவன் கை வெளங்காமப் போகணும். என் பொண்ணு கண்ணுக்கு ஏதாவது ஆச்சு, அவனை நான் சும்மா விடமாட்டேன்!" மனைவியின் தலையை மடியில் தாங்கியிருந்த மாப்பிள்ளைக்கு அந்தச் சத்தம் எதுவும் காதில் ஏறவில்லை. பெற்ற வயிறு எரிகிறது, மற்றவர்கள் என்ன சொல்ல முடியும்?

டாக்டர் நெடுநேரம் கழுவினார். கரையாத தூள் அடியில் படிந்து கிடந்திருக்கிறது, அதற்கு நேராகப் போய்க் கண்ணைத் திறந்திருக்கிறாள் என்றார். வலது கண் தேறிவிடும். இடது கண்ணைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை. இரண்டு கண்ணையும் கட்டிப் படுக்கவைத்திருந்தார்கள். தகவல் கேட்டு ஓடி வந்த குளத்தண்ணனின் மனைவி தலைமாட்டில் நின்று வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். மேலாளர் அம்மா கதவோரம் நின்றாள். நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை.

குளத்தண்ணன் மகளின் கையைப் பிடித்தார்.

"உனக்குத் தெரியாதா பாப்பா? வாளி இருக்கான்னு பார்த்துட்டுத்தானே இறங்கணும்?"

"பார்த்தேன்பா. ஏணியில இல்லை."

"அதான் எந்தப் பாவியோ எடுத்துட்டான். எவன்னு தெரியட்டும்..."

"இல்லப்பா." அவள் குரலில் கோபமே இல்லை. "வாளி எங்க வாசல்லதான் இருந்துச்சு. நேத்து நாங்க கால் கழுவினதும் நீங்க அதைத் திரும்ப மாட்டிட்டுத்தான் போயிருப்பீங்கன்னு இருந்தேன். காலையில எழுந்து கதவைத் தொறந்ததும் அதைத்தான் பார்த்தேன். ஏணியிலயும் இல்லை, இங்க வாசல்ல இருக்கு. அப்பா நமக்காக முதல் வண்டியிலயே வந்து, தண்ணியைப் பார்த்து, வாளியை எடுத்து மறுபடி இங்க வெச்சுட்டாருன்னு நெனச்சேன். நீங்க எடுத்தா சரியாத்தானே இருக்கும்னு குதிச்சுட்டேன்."

நேற்றுச் சாயங்காலம் அப்போதுதான் ஒவ்வொன்றாகக் குளத்தண்ணனுக்குத் திரும்பி வந்தது. மணல் ஒட்டிய கால், ஒரு நிமிஷம், நாற்காலி, டீ, வண்டியின் ஹாரன். தோட்டக்காரரின் சட்டையைப் பிடித்த தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்படியே மகளின் கட்டிலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை, "நான்தான் உக்கார வெச்சேன் மாமா," என்று சொல்லி அழுதான்.

வெளியே வந்தவர் மேலாளர் அம்மாவுக்கு முன்னால் போய் நின்றார்.

"கேட் போட்டுருங்கம்மா. பெரிய பூட்டா போடுங்க."

போட்டார்கள். ஆள் உயரத்துக்கு மேல் வேலி, இரும்புக் கதவு, பித்தளைப் பூட்டு. விளம்பரத்திலிருந்து அந்த வரியையும் எடுத்துவிட்டார்கள். இதற்கிடையில் மகளின் கட்டை அவிழ்த்தார்கள். டாக்டர் சொன்னபடியே வலது கண் தேறியது. இடது கண்ணில் ஆள் நிற்பது தெரிகிறது, யார் என்று தெரியவில்லை. "அப்பா சத்தம் போட்டா தெரிஞ்சிடும், அதுக்குக் கண்ணு எதுக்கு?" என்று அவள்தான் அவரைச் சிரிக்கவைக்கப் பார்த்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தோட்டக்காரரிடம் போய்க் கையைக் கூப்பினார். "விடுங்கண்ணே," என்று அந்த மனிதரே அழுதுவிட்டார்.

பூட்டுப் போட்ட முதல் நாள் சாயங்காலம் மேலாளர் அம்மா சாவியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இது உங்ககிட்டதான் அண்ணா இருக்கணும். உங்களைவிடக் கவனமா யாரு பார்த்துக்குவா?"

குளத்தண்ணன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். எத்தனை முறை நீட்டியும் கையை எடுக்கவில்லை.

"வேணாம்மா. வேற யார்கிட்டயாவது குடுங்க. நான் யாராவது நாற்காலியைப் போட்டுக் கூப்பிட்டா உக்காந்துடற ஆளு."