முதல் வெடி மூத்தவருக்கு

ஸ்ரீவில்லிபுத்தூரில் எந்தச் செய்தியும் என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குள் ஒரு எட்டு வைத்துவிட்டுத்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும். யார் வீட்டு நிச்சயதார்த்தம் நின்றது, யாருக்குச் சர்க்கரை கூடியது என்பதெல்லாம் சம்பந்தப்பட்டவர்களுக்கு முன்பே எனக்குத் தெரியும். பெத்தன்னா காலையில் காலமான செய்தி மட்டும் சாயங்காலம்தான் வந்தது. கொண்டுவந்தவர் அவருடைய தோட்டக் காவலர், வ. புதுப்பட்டி மாடசாமி.

"பெரியவிய போயிட்டாவ, டைப்பு சார்."

"காலையிலயா? இப்பதான் சொல்லுதீரு?"

"ஒம்மகிட்டக் கடைசியாச் சொல்லணும்னு அவியளே சொல்லி வச்சிருந்தாவ. முதல்ல சொன்னா, எதுல செத்தாவன்னு ஊருக்குள்ள ஏழு கதை ஆயிரும்னாவ."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தால் மூக்குதான் முதலில் ஒழுகும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அவரை அறிந்தவர்களுக்குப் பெயர்க்காரணம் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: இராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் அந்த வீட்டில் தம்பி கோபால் மூத்தவரைப் 'பெத்தன்னா' என்று கூப்பிட, ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. அவருடைய துப்பாக்கி லைசென்ஸைப் புதுப்பிக்கும் விண்ணப்பத்தை வருஷந்தோறும் டைப் அடித்துக் கொடுத்தவன் நான். பழக்கம் அப்படித்தான் தொடங்கியது.

வத்திராயிருப்புக்கு மேற்கே, மலையடிவாரத்தில், அவர்களுடைய நாயனா, அதாவது அப்பா, வேட்டைக்கென்றே வாங்கிப்போட்ட காடு அது. ஓர் ஓட்டு பங்களா, சுவர் நிறையக் கொம்புகள், ஓர் ஓடை, ஒரு குட்டை. வேட்டைக்குத் தடை வந்து வருஷங்கள் ஆன பிறகும், எண்பதுகளில், தை கழிந்ததும் குடும்பம் துப்பாக்கியோடு அங்கே கூடும். வேட்டை என்று சொல்லமாட்டார்கள். 'பன்றி விரட்டு' என்பார்கள். பயிரே இல்லாத காட்டுக்குப் பயிர்ப் பாதுகாப்பு என்று அழகாக டைப் அடித்துக் கொடுத்த பாவத்தில் எனக்கும் பங்குண்டு.

மேலேயிருந்து ஆட்கள் தகரம் தட்டி மிருகங்களை இறக்குவார்கள். கீழே துப்பாக்கிகள் வரிசையாக நிற்கும். ஒரே ஒரு கட்டு: முதல் வெடி மூத்தவருக்கு. அவர் சுடும்வரை யாரும் சுடக்கூடாது. மீறினவன் துப்பாக்கி சுவரில் ஏறிவிடும், அவன் ஆயுசுக்கும் இறங்காது. நாயனா வைத்த சட்டம். சர்க்கார் சட்டத்துக்குக் கட்டுப்படாத வீடு இதற்குக் கட்டுப்பட்டது.

ஒரு வருஷம் நாள் முழுக்கத் தகரம் தட்டியும் இறங்கியது ஒரே ஒரு முயல். கோபாலின் நாய்கள் சலித்துப்போய் ஒன்றையொன்று துரத்தின. பெத்தன்னா அந்த முயலையும் விட்டுவிட்டுக் குட்டைக்கரையில் உட்கார்ந்துகொண்டார். "டைப்பு, கொம்பெல்லாம் சுவத்துல இருக்கு. காட்டுல என்ன இருக்கு?" என்றார். என் வாயில் கோழிக்கறி இருந்தது.

அதன்பின் அவர் செய்ததைப் பார்த்து, அவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று முதலில் கிளப்பிவிட்டவன் நான்தான். சீமைக்கருவேலத்தை வேரோடு பறித்தார். குட்டையைத் தூர்வாரினார். மாடுகளை உள்ளே விடவில்லை. ஓடையோரம் மருதும் நாவலும் இலுப்பையும் நட்டார். நட்டதோடு நிற்காமல், எங்கே கிளைகளுக்கு நடுவே வானம் தெரிகிறதோ அங்கெல்லாம் இன்னொரு கன்று வைத்தார். "சாம்பல் அணிலு தரையில எறங்காதுவே. கெளையும் கெளையும் தொட்டாத்தான் அதுக்கு ரோடு" என்பார். மரங்கள் தொட்டுக்கொள்ள வருஷங்கள் ஆயின; அதுவரை இறக்க மிருகம் இல்லாமல் பன்றி விரட்டும் தானாகவே நின்றிருந்தது. தொட்டதும், பூனை நீளத்தில் சாம்பல் அணில்கள் ஓடைவழியே மலையிலிருந்து வந்து சேர்ந்தன, டிக்கெட் வாங்கி வந்ததுபோல.

பிறகு ஒருநாள் என்னைக் குட்டைக்கரைக்குக் கூட்டிப்போய்ச் சேற்றைக் காட்டினார். பெரிய குளம்படி ஒன்று, பக்கத்திலேயே சின்னது ஒன்று.

"மிளா மான். குட்டியோட வந்திருக்கு. கடைசி மிளாவச் சுட்டது நான்தான். யாருகிட்டயும் சொல்லிராதீரும்."

நான் யாரிடமும் சொல்லவில்லை. சலூன் ஆறுமுகத்திடம் மட்டும் சொன்னேன், அதுவும் முகத்தில் சோப்பு இருந்தபோது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கோபாலுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த ஞாயிறு பன்றி விரட்டு என்று மதுரை நண்பர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

காடு பங்கு பிரிக்காதது, தம்பியை வராதே என்று சொல்ல முடியாது. வனத்துறையில் சொன்னால் தம்பி ஜெயிலுக்குப் போவார். பெத்தன்னா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "ஒம்ம வாயில போட்டது வெளிய வந்துதான தீரும்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த ஞாயிறு காலை துப்பாக்கிகள் வரிசையில் நின்றபோது, வரமாட்டார் என்று எல்லாரும் நினைத்திருந்த பெத்தன்னா, துப்பாக்கியோடு வந்து தன் இடத்தில் நின்றார். கோபாலுக்கு முகமெல்லாம் பல். அண்ணன் மனசு மாறிவிட்டது என்றே நானும் நினைத்தேன். அவர் பின்னால், என்னுடைய ஆயுதமான டிபன் கேரியரோடு நின்றேன்.

மேலே மாடசாமியின் தகரம் கேட்டது. முதலில் முயல்கள் ஓடின. பெத்தன்னா சுடவில்லை. பன்றிக்கூட்டம் ஒன்று எங்களுக்கு நடுவிலேயே புகுந்து போனது. அப்போதும் சுடவில்லை. விரல்கள் விசையில் காத்திருந்தன.

அப்போதுதான் மிளா வந்தது. இருபது எட்டுத் தூரத்தில், காதை விறைத்துக்கொண்டு, குட்டியை வயிற்றுக்குக் கீழே வைத்துக்கொண்டு நின்றது. பெத்தன்னாவின் துப்பாக்கி தோளுக்கு ஏறியது. ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்தார். அவர் விரல் விசையில் வளைந்ததை அவ்வளவு பக்கத்தில் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

"சுடுங்கண்ணா" என்றார் கோபால், காற்றைவிட மெதுவாக.

விரல் அசையவில்லை.

"நீங்க சுடலேன்னா நான் சுட்டுருவேன்." கோபாலின் துப்பாக்கியும் ஏறியது.

பெத்தன்னா திரும்பவில்லை. குறியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சுடு கோபாலு. சுட்டுட்டு, நாயனா படத்துக்குப் பக்கத்துல துப்பாக்கிய மாட்டிரு" என்றார்.

வேண்டுமென்றே டிபன் கேரியரைக் கீழே போட்டு நான் மிளாவை விரட்டியதாக இந்த ஊரில் ஒரு கதை உலவுகிறது. கிளப்பியவன் நான்தான். உண்மையில் நான் அதை இறுக்கி அணைத்ததில் சூடான சாம்பார் வழிந்து வயிறு வெந்தது. கத்தக்கூட இல்லை. மிளா ஒரு அடி வைத்தது. இன்னொரு அடி. பிறகு குட்டியோடு துப்பாக்கிகளுக்கு நடுவே நடந்து, ஆம், நடந்தேதான், ஓடைக்குள் இறங்கியது.

கோபால் துப்பாக்கியை இறக்கிவிட்டு ஜீப்பை நோக்கிப் போனார். இரண்டு வருஷம் அண்ணனிடம் பேசவில்லை. அதன்பின் பன்றி விரட்டும் நடக்கவில்லை. முதல் வெடி வெடிக்காத வேட்டைக்கு யார் ஜீப் எடுத்து வருவார்கள்?

வெகுநாள் கழித்துப் பெத்தன்னா சொன்னார்: "அன்னைக்கு நான் கோபால நிறுத்தலவே. அவன் நின்னுட்டான். நான் நிறுத்த வேண்டியிருந்தது என் வெரல."

போன கோடையில், நடக்க முடியாத நிலையில், என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, மிளாக்கள் இப்போது குட்டி போடும் இடத்தைச் சொன்னார். "என்கிட்டயா சொல்லுதீய?" என்று பதறினேன். "ஒம்மகிட்ட இருந்து வெளிய வரலேன்னா, வேற எங்க இருந்தும் வராது" என்றார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கோபால் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சுவரில் அண்ணனின் துப்பாக்கி. இனி அந்த வீட்டில் மூத்தவர் அவர்தான். முதல் வெடி அவருக்கு.

"டைப்பு, அண்ணன் உம்மகிட்ட ஒரு இடம் சொன்னாராமே."

"யாரு சொன்னா?"

"நீர்தான், ஊர் பூரா. இடத்த மட்டும் சொல்லல. காவல் போடத்தான் கேக்கேன், எங்கவே?"

அவர் கண்ணில் ஈரம் இருந்தது. மெய்யாகவே காவலுக்காக இருக்கலாம். என் வாய் திறந்தது, பழக்கதோஷம். பிறகு, "மறந்துபோச்சு" என்றேன்.

"நீரா? மறந்துட்டீரா?" சுவரிலிருந்த துப்பாக்கியை நிமிர்ந்து பார்த்தார். "சரி. அடுத்த வாரம் என் லைசென்ஸ் ஃபாரம் கொண்டாரும். புதுப்பிக்கவா, திருப்பிக் குடுக்கவான்னு யோசிச்சு வைக்கேன்."

அந்த வாரம் இன்னும் வரவில்லை. பெத்தன்னா எனக்கு விட்டுப்போனது ஒரே ஓர் இடத்தின் பெயர். நேற்று முடிவெட்டப் போனேன். "என்ன சார், இன்னிக்குப் பேச்சையே காணோம்?" என்றார் ஆறுமுகம், சோப்பைக் குழைத்தபடி. கண்ணாடியில் பார்த்தேன். உதடு இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன, நடுவே வானம் தெரியாமல்.