லிஃப்ட்காரர் போட்ட மலைத் திட்டம்

“வயசெல்லாம் ஒரு கணக்கே இல்ல மாப்ள,” என்றார் லிஃப்ட்காரர். அவர் வயதை யாரும் கேட்கவில்லை. ஊருக்கு வெளியே தெரிகிற பெரிய மலைக்கு ஒரு நாள் நடந்து போய் வரலாமா என்றுதான் மாப்பிள்ளை கேட்டிருந்தார்.

பேத்தி பிறந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமையானால் இரண்டு வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில்தான் இருப்பார்கள். அந்தக் குட்டி வாய் கொட்டாவி விட்டால் போதும், அத்தனை பெரியவர்களும் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பார்கள். அப்படி ஒரு அழகு. அந்தக் கூட்டத்தின் நடுவில்தான் மலைப் பேச்சு வந்தது.

லிஃப்ட்காரருக்கு ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. லிஃப்ட் நின்றுவிட்டால் மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறைக்குப் படியேறித்தான் போக வேண்டும். ஆபீஸ் பையன்கள் பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கும்போது, இவர் கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு சீட்டியடித்தபடி தாண்டிப் போவார். அந்தப் பெருமை வருஷக்கணக்காக ஊறி, தலையில் கொஞ்சம் கனமாகவே உட்கார்ந்திருந்தது.

சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்து, அதையே மலையாக்கித் திட்டம் போட்டார். விளிம்பில் காட்டுப் பாதை. அதைத் தாண்டினால் ஓடைப் பாறைகள், ஈரமாக இருக்கும், கையை ஊன்றித்தான் ஏற வேண்டும். அதற்கு மேல் மரமே இல்லாத புல்மேடு, ஆளைத் தள்ளுகிற காற்று. பிறகு உச்சி. திரும்பும்போது வந்த வழியே வேண்டாம், மறுபக்கத்துச் சரளைக்கல் சரிவில் இறங்கினால் சீக்கிரம் கீழே வந்து கடைசி பஸ்ஸைப் பிடித்துவிடலாம். ஏறுவதற்குத்தான் நேரம் வேண்டும், இறங்குவதில் என்ன இருக்கிறது என்றார்.

மாப்பிள்ளையின் அப்பா பேக்கரி வைத்திருப்பவர். கொஞ்சம் கனத்த உடம்பு. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆளுக்கு எத்தனை பாட்டில் தண்ணீர் வேண்டியிருக்கும் என்று கேட்டார்.

“உங்களுக்கு எதுக்கு சம்பந்தி அந்தக் கவலை?” என்றார் லிஃப்ட்காரர். “உங்களத் தூக்கிட்டுப் போக மலையில கயிறும் கப்பியும் கெடையாது. நீங்க வீட்ல பாப்பாவப் பாத்துக்கங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தியும் சிரித்தார். சிரித்துவிட்டு நாற்காலியைப் பழைய இடத்துக்கே தள்ளிக்கொண்டார். தண்ணீரைப் பற்றி அப்புறம் கேட்கவில்லை.

மலைக்குப் போக ஒரு வாரம் இருக்கும்போது, பையில் கனத்தைப் போட்டுக்கொண்டு லிஃப்ட்காரரின் கட்டடத்திலேயே ஏறி இறங்கிப் பார்க்கலாம் என்றார் மாப்பிள்ளை. விடுமுறை நாள், கட்டடத்தில் ஈ காக்கை இல்லை. ஏறும்போது லிஃப்ட்காரர்தான் முன்னால். மேலே போனதும், மோட்டார் அறையை ஒரு பார்வை பார்த்துவிட்டு வருகிறேன், நீங்கள் இறங்குங்கள் என்று மாப்பிள்ளையை அனுப்பிவிட்டார்.

பிறகு இறங்க ஆரம்பித்தார். நாலைந்து மாடி நன்றாகத்தான் இருந்தது. அதன் பிறகு தொடை தானாக உதறியது. முழங்கால் கீல் கழன்ற கதவு போல ஆடியது. படியில் உட்கார்ந்து தேய்த்துவிட்டுப் பார்த்தார். எழுந்தால் மறுபடியும் அதே ஆட்டம். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை வருஷமும் படியில் ஏறியிருக்கிறாரே ஒழிய, இறங்கியதே இல்லை. பழுது பார்த்த லிஃப்டில் தானே ஏறி, கீழே வரை வந்து பார்ப்பதுதான் வேலையின் கடைசிப் பகுதி. ஒரு நாளும் அது விட்டுப்போனதில்லை.

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு லிஃப்ட் பொத்தானை அழுத்தினார். இரண்டாம் மாடியில் இறங்கி, மிச்சத்தை நடந்து போனால் யாருக்குத் தெரியப்போகிறது?

கதவு திறந்தது. உள்ளே சம்பந்தி நின்றிருந்தார். தோளில் பேத்தி, கையில் ஒரு பை நிறைய பன். அழுத குழந்தைக்கு வேடிக்கை காட்டவும் இவர்களுக்குத் தீனி கொடுக்கவும் மேலே வந்துகொண்டிருந்திருக்கிறார். லிஃப்ட்காரரின் காலை ஒரு முறை பார்த்தார்.

“எத்தனாவது மாடி சம்பந்தி?” என்றார், பொத்தான் பக்கம் விரலை வைத்துக்கொண்டு.

“ரெண்டு,” என்றார் லிஃப்ட்காரர்.

பேத்தி மட்டும் தாத்தாவைப் பார்த்துப் பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கூட அவரால் நேருக்கு நேர் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

கீழே சம்பந்தி வாயே திறக்கவில்லை. ஒரு குத்தல், ஒரு கண்ணடி, ஒன்றும் இல்லை. மாப்பிள்ளைக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை. மாமாவே இப்படி இறங்குகிறார் என்றால் சரளைச் சரிவில் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்றார். லிஃப்ட்காரர் கையில் இருந்த பன்னைக் கடிக்காமல் பையிலேயே திரும்பப் போட்டார். அங்கே பாதிச் சரிவில் கால் விட்டுவிட்டால் அழுத்த ஏது பொத்தான்? கைக்குழந்தைக்கு அப்பாவான மாப்பிள்ளையை இருட்டில் கல்லுக்கு நடுவே நிறுத்தி வைக்கவா இந்தத் திட்டம்? வாய் வரை வந்தது. சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. கால் ஏன் வீங்கியிருக்கிறது என்று மனைவி கேட்டதற்கு, செருப்பு சரியில்லை என்றார்.

மலைக்கு முந்தின நாள் சாயந்தரம் சம்பந்தி வீட்டுக்குப் போனார். லிஃப்ட் விஷயத்தை இனியும் வெளியே விட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் போனார், அதுதான் உண்மை. சம்பந்தி பேக்கரியிலிருந்து இன்னும் வரவில்லை. சம்பந்தியம்மா உட்காரச் சொல்லிவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தார். உள்ளே புது ஷூ. அடிப்பக்கத்தில் தூசி கூட இல்லை.

“உங்க காலுக்கு இது சேருமான்னு பாருங்கண்ணே. மலைப் பேச்சு வந்த அன்னிக்குக் காலையிலயே மலைக்குப் போலாம்னு பையன் இவர்கிட்ட சொல்லியிருக்கான். ஆசையா வாங்கிட்டு வந்தாரு. நீங்க வேணாம்னு சொன்னதும் கட்டிலுக்கடியில தள்ளிட்டாரு. கேட்டா, எனக்கு எதுக்கு மலைங்கறாரு.”

லிஃப்ட்காரர் பெட்டியை மூடினார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சம்பந்தி வரும் வரை அப்படியே குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். வந்ததும் கையைப் பிடித்து மாப்பிள்ளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், மனைவி, மகள் எல்லோரும் கேட்க, லிஃப்டில் இறங்கி வந்ததைச் சொன்னார். சொல்லும்போது காது மடல் வரை எரிந்தது. மாப்பிள்ளை குழந்தையின் துணியை மடித்தார். மனைவிதான், செருப்பைக் குறை சொன்னீர்களே, அதனிடமும் மன்னிப்புக் கேளுங்கள் என்றாள்.

திட்டம் மாறியது. சம்பந்தியும் வருகிறார். உச்சி வேண்டாம், புல்மேடு வரைதான். சரளைச் சரிவு கிடையாது, போன வழியே திரும்ப வேண்டும். உச்சிவெயில் வரும்போது எங்கே இருந்தாலும் அங்கேயே திரும்பிவிட வேண்டும். ஆளுக்கு எத்தனை பாட்டில் தண்ணீர் என்பதை சம்பந்தியே சொன்னார்.

காலையில் மலையடியில் பஸ் இறங்கியதும் மாப்பிள்ளை பழக்கத்தில் மாமாவுக்கு வழி விட்டு நின்றார். சம்பந்தி எல்லோருக்கும் பின்னால் போய் நின்றுகொண்டார். லிஃப்ட்காரர் திரும்பி நடந்து அவரிடம் வந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“முன்னால போங்க சம்பந்தி. நீங்க எங்க உக்காரலாம்னு சொல்றீங்களோ அங்க உக்காருவோம். மொதல்ல உக்காரப் போறது நான்தான்.”