காற்றின்மேல் போட்ட பழி

ஆடி மாதத்தில் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் காற்று ஓய்வதில்லை. கோம்பைப் பக்கத்து மலையிலிருந்து இறங்கி, திராட்சைப் பந்தல்களை உலுக்கி, வீட்டுக் கதவுகளை அறைந்து சாத்திவிட்டுப் போகும். இவ்வாண்டு அந்தக் காற்றின்மேல் எனக்குச் சினமில்லை. அது எனக்குத் தேவையாக இருந்தது.

சில மாதங்களாக என் வலக்கையின்மேல் ஓர் ஐயம். தீட்சை பெற்ற நாளில், உயிருள்ளவரை என் கையாலேயே சிவபூசை செய்வதாக உறுதி கூறியவன் நான். விரலளவே உயரமுள்ள லிங்கத் திருமேனியின் உச்சியில் பால் நூலாக இறங்க வேண்டும். அண்மையில் அந்த நூல் அலையத் தொடங்கியது. சன்னல் காற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதே நாள்களில் என் மனைவி அகன்ற கிண்ணத்தை எடுத்துவிட்டு, மூக்குவைத்த கெண்டியில் பாலைத் தந்தாள். கிண்ணம் நெளிந்துவிட்டதாம்.

அந்த ஐயத்தை வளர்த்தது ஒரு பழைய மேக்ரோ லென்ஸ். பிலிம் காலத்தில் வாங்கியது. இணைப்பு வளையம் போட்டுப் புதிய டிஜிட்டல் கேமராவில் பொருத்தியிருந்தேன். கேமராவுக்கு அந்த லென்ஸைத் தெரியாது. ஒளித்துளையை நானே திருக வேண்டும். தெளிவையும் நானே தேட வேண்டும். அத்தனை நெருக்கத்தில், உடம்பை மயிரிழையளவு முன்னும் பின்னும் நகர்த்துவதே வழி. பதிகம் ஓதும்போதெல்லாம் தும்பையை வெண்மை என்ற அளவிலேயே அறிந்திருந்தேன். அதன் மேலிதழ் ஓரத்தில் பஞ்சு போன்ற மயிர் வரிசை உண்டென்று இந்த லென்ஸ்தான் காட்டிற்று. காட்டிய மறுகணமே பறித்தும் கொண்டது. திரையில் பெருக்கிப் பார்த்தால் பூ துடித்துக்கொண்டிருக்கும்.

பூசைக்குரிய பூவில் மூச்சுப் படலாகாது. ஆகவே வாயையும் மூக்கையும் துண்டால் கட்டிக்கொண்டு, கொல்லையில் தும்பைச் செடியருகே படுப்பேன். மூச்சு மேலேறி மூக்குக்கண்ணாடியில் படியும்.

"என்னங்க இது, களவாங்க வந்தவுக மாதிரி?" என்பாள் மனைவி, பூக்கூடையோடு நின்று. "மூச்சுப் படக்கூடாதுன்னு துண்டக் கட்டிக்கிட்டு, இப்பிடி மூஞ்சிக்கிட்ட போயி உத்துப் பாக்குறீகளே, பூவுக்குக் கூச்சமா இருக்காதா?"

"காத்து நிக்கட்டும். ஒரே ஒரு படம்."

"காத்து நின்னு, நீங்க எடுத்து, நான் பறிச்சு... சாமி பசியில எந்திரிச்சுப் போயிருவாரு."

வளையம்தான் தளர்ந்திருக்குமோ என்று, கம்பத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் திருகிப் பார்த்தார்.

"ரிங் சிக்குன்னு இருக்குங்கய்யா. கை ஆட்டத்த அடக்குற ஆப்ஷன் இதுல இருக்கு. லென்ஸோட நம்பரச் சொல்லிட்டா கேமராவே பாத்துக்கிரும். போட்டு விடவா?"

"வேண்டாம்" என்றேன், சற்று உரக்கவே.

"அப்பக் காத்து நிக்கணும். ஆடி போகாம நம்மூர்ல அது நிக்குமா?"

அந்தச் சொல்லை வரம்போல் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். மனம் மட்டும் அமரவில்லை. ஓதிக்கொண்டிருக்கும்போதே கண் சன்னலுக்குப் போகும். வெளியே இலை அசைந்தால் ஆறுதல்.

ஒரு காலை, மழைக்கு முன் காற்று அடங்கிற்று. தென்னங்கீற்றுகூட ஆடவில்லை. கேமராவை எடுத்துக்கொண்டு விரைந்தேன். திரையில் பெருக்கினேன். தும்பை துடித்தது. முழங்கையைத் தரையில் ஊன்றினேன். துடிப்பு குறைந்ததே அன்றி நிற்கவில்லை. அரிசி அளக்கும் படியை மனைவியிடம் கேட்டு வாங்கிக் கவிழ்த்து, அதன்மேல் கேமராவை வைத்துக் கையை எடுத்தேன். பூ அப்படியே நின்றது. மயிர் ஒவ்வொன்றும் நின்றது. நான் தேடிய படம் அதுதான். எடுக்கத் தோன்றவில்லை.

உள்ளே வந்து, "கிண்ணத்த எடு. எங்கன நெளிஞ்சிருக்குன்னு பாப்போம்" என்றேன்.

அவள் எடுத்து நீட்டினாள். ஒரு சொட்டைகூட இல்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நெத்தியில விபூதி மூணு கோடும் நேரா இருக்குமுல்ல? இப்பக் கம்பமெட்டு ரோடு கணக்கா வளஞ்சு வளஞ்சு போகுது. ஊரே பாக்குது, நீங்கதேன் பாக்கல." சிரிக்கப்பார்த்தாள், முடியவில்லை. "தேனிக்குப் போயி டாக்டரப் பாப்போங்க."

"பூசை?"

"முடிச்சிட்டுத்தேன். யாரு வேணாம்னாக?"

கெண்டியை ஒதுக்கிவிட்டுக் கிண்ணத்தையே எடுத்தேன். கேமராவைத் தாங்கிய படியைத் துலக்கிக் கொண்டுவரச் சொல்லி, திருமேனியின் அருகே கவிழ்த்து, அதன்மேல் முழங்கையை ஊன்றினேன். பால் நூல் ஆடிற்று. ஆடினாலும் உச்சியைவிட்டு விலகவில்லை. நாளையும் விலகாதிருக்குமா என்று மனம் பதிகத்தினூடே கேட்டுக்கொண்டே இருந்தது. வெளியே காற்று மீண்டும் எழுந்து சன்னலைத் தட்டியது. அதைச் சாத்திவிடு என்றேன்.