பாலத்துக்குப் போக வேண்டிய தண்ணீர்

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஜூன் மாதம். திருநெல்வேலியிலிருந்து தில்லிக்கு இன்ஜினியர் வேலைக்கு வந்த நான் ஒரு மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்தேன். முந்தின நாள்தான் அதன் மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட்டு முடித்திருந்தோம். புதுக் கான்கிரீட்டின் மேல் கோணிச்சாக்கை விரித்து, காயாமல் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே அதற்குத் தராயி என்று பெயர். லூ என்ற அனல்காற்று அடிக்கிற ஊரில் ஒரு மதியம் அதை விட்டுவிட்டால் போதும், தளம் விரிசல் கண்டுவிடும். இதைப் பஞ்சாபி ஓவர்சியரிடம் என் ஓட்டை ஹிந்தியில் தொண்டை வறளச் சொல்லியிருந்தேன். “அச்சா, சாப்” என்றார். அவர் சரி என்றாலே வேலை நடக்காது என்று எனக்குத் தெரியும்.

ஆபீஸ் மீட்டிங் முடிந்து மதியம் வந்து பார்த்தால், சாக்கெல்லாம் அப்பளமாகக் காய்ந்து கிடக்கிறது. தண்ணீர் டேங்கரைக் காணோம்.

“உங்க வீட்டுக்குத்தான் அனுப்பியிருக்கேன், சாப்” என்றார் ஓவர்சியர். பாராட்டை எதிர்பார்க்கிற முகம். என் சாப்பாட்டு கேரியரை வாங்கப் போன டிரைவரிடம் என் மனைவி, குழாயில் இரண்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று புலம்பியிருக்கிறாள். இந்த ஊரில் சாப் மனைவியான மேம்சாப்பின் புலம்பல் உத்தரவாகிவிடும். என் உத்தரவுக்குத்தான் அந்த மரியாதை கிடையாது.

ஆட்டோ பிடித்து லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு ஓடினேன். வாசலில் டேங்கர். எங்கள் பிளாக்கே வாளியும் குடமுமாக வரிசையில் நின்றது.

“அப்பா, பானி ஆ கயா!” என்று தண்ணீர் வந்த குஷியில் குதித்தாள் என் மகள்.

“சார் தயவுல இன்னிக்கு குளிச்சோம்” என்றார் எதிர்வீட்டு அம்மாள்.

நான் நேராகப் போய் டேங்கர் குழாயைத் திருகி மூடினேன்.

“ஏங்க, என்ன செய்யுதீங்க? இன்னும் நாலு வீடு பாக்கி இருக்கு” என்றாள் மனைவி.

“அங்க பாலம் காயுது.”

“இங்க மனுசங்க காயுதாங்க. ஒங்களுக்குப் பாலந்தான் பெரிசாப் போச்சு, என்ன?”

டேங்கரில் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். காலி வாளியோடு நின்றவர்களை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவமானமும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. ஊரெல்லாம் தாகமாக இருக்கும்போது கான்கிரீட்டுக்குத் தண்ணீர் ஊற்றுகிற பிழைப்பும் ஒரு பிழைப்பா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மிச்சத் தண்ணீரை அன்றே தளத்துக்கு விட்டோம். மறுநாள் காலை சாக்குகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். தளத்தில் ஒரு விரிசல்கூட இல்லை. சந்தோஷம் தாங்காமல் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

“அப்ப எதுக்கு அந்த ஆட்டம் ஆடுனீங்க?” என்றாள்.

அந்தத் தண்ணீரால்தான் விரிசல் வரவில்லை என்று படம் போட்டு விளக்கினேன். அவள் பாட்டுக்குப் புளியைக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பல வருஷம் கரோல் பாக் போகிற எங்கள் பஸ் அந்தப் பாலத்தின் மேல்தான் போனது. ஒவ்வொரு தடவையும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொல்வாள்.

“அந்த நாலு வீட்டுக்கும் விட்டிருந்தாலும் இது இப்படித்தான் நின்னிருக்கும்.”

இல்லை என்று காட்ட என்னிடம் ஒரு விரிசல்கூட இல்லை.