தக்காளித் தோட்டத்தில் கல் உப்பு

எண்பதுகளில் ஒரு பங்குனி மாதம். கடத்தூர்ப் பக்கத்தில் எங்களுக்கும் என் கணவரின் அண்ணன் குடும்பத்துக்கும் பொதுவாக ஒரே கிணறு. ஆளுக்கொரு தக்காளித் தோட்டம். கிணற்றில் ஊறும் தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு தோட்டத்துக்குத்தான் காணும். யாருக்கு முதலில் என்று எனக்கும் என் ஓரகத்திக்கும் தினமும் வாய்ச்சண்டை.

அந்த நேரத்தில் விவசாயக் கல்லூரியிலிருந்து ஒரு ஆராய்ச்சிக்காரர் வந்தார். ஒல்லியான ஆள், பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டியிருப்பார். கட்டைவிரல் பருமனில் இரண்டு வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள் கொண்டுவந்து, தோட்டத்துக்கு ஒன்றாகச் செடியின் வேரடியில் புதைத்தார். ஒவ்வொன்றிலிருந்தும் ஒயர் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வாரம் ஒருமுறை வந்து அதில் ஒரு பெட்டியை மாட்டுவார். மண் ஈரமாக இருந்தால் கரண்டு சுலபமாகப் பாயும். பெட்டியின் முள் வலப்பக்கம் ஓடும். காய்ந்திருந்தால் இடப்பக்கமே படுத்துக்கொள்ளும்.

என் மாமனாருக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. “இனி எவளும் வாயத் தொறக்கக் கூடாது. எந்தத் தோட்டம் காஞ்சிருக்குதுன்னு பொட்டி சொல்லுதோ, அதுக்குத்தான் அந்த வாரம் மொதத் தண்ணி.”

முதல் இரண்டு வாரமும் ஓரகத்தியின் தோட்டம்தான் காய்ந்திருப்பதாகப் பெட்டி சொன்னது. எனக்கு வயிறு எரிந்தது. ஆராய்ச்சிக்காரருக்கு மோர் கொடுத்துக்கொண்டே கேட்டேன்: “ஏங்க சார், இந்தப் பொட்டி பொய்யே சொல்லாதுங்களா?”

கேட்க ஒரு ஆள் கிடைத்த சந்தோஷம் அவருக்கு. “உப்புக்கு மட்டும் ஏமாந்துருமுங்க. உப்புத் தண்ணியில கரண்டு நல்லா பாயும். காஞ்ச மண்ணையும் சேறுன்னு காட்டிரும்.”

பக்கத்தில் ஓரகத்தி மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த முறை அவர் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், வீடே கண் அயர்ந்திருந்தபோது, இரண்டு கை கல் உப்பை ஒரு சொம்புத் தண்ணீரில் கரைத்தேன். ஓரகத்தி தோட்டத்தில் ஒயரடியில் ஊற்றி, மேலே காய்ந்த மண்ணைத் தூவிவிட்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் சிரிப்பு.

மறுநாள் அவர் ஓரகத்தி தோட்டத்தில் பெட்டியை மாட்டியதும் முள் ஓடி வலக்கோடியில் முட்டி நின்றது. செடிகளோ தலை தொங்கிக் கிடந்தன. “என்னங்க இது, ஏரிக்குள்ள பொதச்ச மாதிரி காட்டுது!” என்றார். நான் தென்னைமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்து எங்கள் தோட்டம். அங்கேயும் முள் அதே வேகத்தில் ஓடி, அதே கோடியில் முட்டியது. திடுக்கிட்டு ஓரகத்தியைப் பார்த்தேன். அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

அவர் ஒயரடி மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். காட்டிக்கொடுத்துவிடுவாரோ என்று எனக்கு வியர்த்துவிட்டது. அவர் மாமனார் பக்கம் திரும்பி, “மண்ணுல உப்புத் தட்டிருச்சுங்க பெரியவரே. ரெண்டு எடத்தையும் தண்ணி ஊத்தி அலசணும். இவங்க ரெண்டு பேருமே ஆளுக்கு இருவது கொடம் தூக்கி ஊத்தட்டும்” என்றார்.

கிணற்றுப் படி ஏறி இறங்கி இடுப்பு ஒடிந்தது. பத்தாவது குடத்தில் அவள் மெதுவாகக் கேட்டாள்: “எத்தன கை போட்ட?”

“ரெண்டு, அக்கா.”

“அடிப்பாவி, நான் ஒண்ணுதான்டி போட்டேன்!”

குடத்தை இறக்கிவைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து சிரித்தோம்.

அதன்பிறகு ஆளுக்கு ஒரு நாள் தண்ணீர் என்று நாங்களே பேசி வைத்துக்கொண்டோம். அவள் பக்கம் ஐந்து செடி பட்டுப்போயிருந்தது, என் பக்கம் இரண்டு. மூன்று செடியின் தக்காளி அவளுக்கு நான் தர வேண்டும் என்று அந்தக் கோடை முழுக்க என் கூடையில் கைவிட்டுக்கொண்டே இருந்தாள்.