போர்மேன் தேவை

ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் நான் முதலில் படிப்பது வரி விளம்பரங்களை. பட்டாசு ஆலைகளை ஆய்வு செய்யும் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு அதைவிட நல்ல நகைச்சுவைப் பகுதி கிடையாது. ‘போர்மேன் தேவை. சான்றிதழ் அவசியம்.’ நாரணாபுரம் பக்கம் ஒரு கம்பெனி இதை விடாமல் போட்டுவந்தது.

சான்றிதழ் பெற்ற போர்மேன் இல்லாமல் வெடிமருந்து கலக்கக் கூடாது என்பது விதி. ஆள் இல்லை என்று நாங்கள் நோட்டீஸ் கொடுத்தால், கம்பெனி தன் விளம்பரத்தை வெட்டி ஒட்டி, ‘தேடி வருகிறோம்’ என்று பதில் எழுதும். உடனே அவகாசம் கிடைக்கும். அப்படி எத்தனையோ துண்டுகளின் கீழே ‘ஏற்கலாம்’ என்று குறிப்பு எழுதியவன் நான். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

விருதுநகரில் எங்கள் எதிர்வீட்டுப் பெண் அந்தச் சான்றிதழ் வாங்கியவள். அவள் அம்மா பட்டாசுக்கு மருந்து செலுத்தி விரல் கறுத்தவள். மகளாவது மருந்தில் கை வைக்காமல் பிழைக்க வேண்டும் என்று படிக்க வைத்தாள். விளம்பரத்தைப் பார்த்து மகள் மூன்று முறை போனாள். முதல் முறை முதலாளி ஊரில் இல்லை. அடுத்த முறை, சீசன் முடியட்டும் என்றார்கள். மூன்றாம் முறை சான்றிதழ் நகலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தகவல் வரும் என்றார்கள்.

“நகல் குறுக்க ‘நேர்காணலுக்கு மட்டும்’னு எழுதிக் குடுத்தியாம்மா?” என்று கேட்டேன்.

“அது வேறயா சார்? தும்முறதுக்கும் ஒரு ஃபாரம் வச்சிருந்திருப்பீக போல, ஒங்க ஆபீசுல!”

இருவரும் சிரித்தோம். திரும்பப் போய் எழுதிவிட்டு வா என்று நான் சொல்லவில்லை.

ஒரு புதன்கிழமை அந்தக் கம்பெனியின் மருந்து அறை வெடித்தது. இரண்டு பெண்கள் இறந்தார்கள். மறுநாள் எதிர்வீட்டு வாசலில் போலீஸ் நின்றது. கம்பெனி காட்டிய காகிதங்களின்படி அவள்தான் போர்மேன்.

“கேட்டுக்கு வெளியவே நிக்க வச்சு அனுப்புனாகய்யா! எம் மக உள்ள காலு கூட வைக்கல!” என்று அம்மா கத்தினாள்.

“பேப்பர்ல இருக்கே, தாயி” என்றார் மகளை ஜீப்பில் ஏற்றிய போலீஸ்காரர்.

நான் பழைய நாளிதழ்க் கட்டோடு காவல் நிலையத்துக்குப் போனேன். வெடிப்பதற்கு முந்தின ஞாயிறும் அதே விளம்பரம் வந்திருந்தது.

“போர்மேன் இருக்கிற கம்பெனி எதுக்கு சார் போர்மேன் தேடுது?”

இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படித்தார். நான் பார்த்தவரையில் அந்த விளம்பரம் உண்மைக்குப் பயன்பட்டது அன்று ஒரு தடவைதான். சாயங்காலம் அவளைச் சாட்சியாக்கி அனுப்பினார்கள். அசல் சான்றிதழை மட்டும் வழக்கு ஆவணமாக எடுத்துக்கொண்டார்கள்.

“அது இல்லாம எங்கன போயி சார் வேலை கேக்க?” என்று அவள் என்னிடம் கேட்டாள்.

“திருப்பித் தரச் சொல்லிக் கோர்ட்டுல மனுப் போடலாம்மா.”

“எம்புட்டு நாளாகும்?”

அதுவும் எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

இப்போது காலையில் அம்மாவோடு அவளும் வேன் ஏறுகிறாள். வேறு கம்பெனி, மருந்து செலுத்தும் வேலை. அங்கே போர்மேன் இருக்கிறாரா என்று ஒருநாள் கேட்டேன்.

“தேடிக்கிட்டு இருக்காகளாம் சார்” என்றாள்.