கண்ணாடி ஓரத்து மேஜை

என் கணவருக்குக் கால் சரியில்லாமல் போன வருடம், குளியலறையில் இரண்டு முறை வழுக்கி விழுந்தார். நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் பெருக்கித் துடைக்கிற வேலை முடிந்து வந்து பார்த்தால், குளியலறை முழுக்கச் சொரசொரப்பான டைல்ஸ். நாலு நிறத்தில் மிச்சத் துண்டுகள்தான். ஆனால் ஒன்றுகூட ஏறி இறங்கி இல்லை. பக்கத்து வீட்டு டைல்ஸ்காரர் வந்து போட்டுவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போனாராம். நன்றி சொல்லப் போனேன். "எதுக்கு?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தெருவில் அவருக்கு ரசமட்டம் என்று பெயர். தரை மட்டம் பார்க்கிற அந்தக் கருவி எப்போதும் கையில் இருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தரையைப் பார்ப்பார், அப்புறம்தான் ஆளைப் பார்ப்பார். நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். முப்பது வருடம் முட்டி போட்டே வேலை செய்ததில் இரண்டு முட்டியும் காய்த்துப் போயிருந்தன. மனைவி போனபிறகு அவருக்கு எல்லாம் ஒரே மகள்தான். பல் மருத்துவரிடம் சீட்டு எழுதும் வேலை அவளுக்கு. கூட வேலை செய்த பையனைப் பிடித்துப்போனது. பையனின் அப்பா வங்கி அதிகாரி. "முட்டி போட்டுப் பிழைக்கிறவன் வீட்டுல சம்பந்தமா?" என்று ஆறு மாதம் பிடி கொடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கடைத்தெருவில் துருக்கிக் கபாப் ஓட்டல் வந்தது. தரை முழுக்க அண்ணன் போட்டது. "திறக்கிற அன்னைக்கு மத்தியானம் குடும்பத்தோட வாங்க. கண்ணாடி ஓரத்து மேஜை உங்களுக்குத்தான்" என்றார் முதலாளி. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. பையன் வீட்டாரையும் அங்கேயே சாப்பிட அழைத்துவிட்டார். "தங்கச்சி, அம்மா ஸ்தானத்துல நீ வந்து உக்காரு" என்றார். ஆண்டவனை வேண்டிக்கொண்டு, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனேன்.

கம்பியில் குத்தி அடுக்கிய இறைச்சி நெருப்புக்கு முன்னால் நின்றபடியே சுற்றிக்கொண்டிருந்தது. ஒருவர் நீளக் கத்தியால் அதைச் சீவித் தள்ளினார்.

"என்னங்க இது, சவரம் பண்ற மாதிரி இருக்கு!" என்றார் பையனின் அம்மா.

"அதை விட வழவழன்னு இருக்கும் என் தரை. கீழ பாருங்க சம்பந்தியம்மா."

"அதுக்குள்ள சம்பந்தியா? முதல்ல சாப்பிடுவோம்" என்றார் அதிகாரி. ஆனால் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மகள் மேஜைக்கடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. முதலாளி வந்தார்.

"அண்ணே, பாத்ரூம்ல ஒரு டைல்ஸ் ஆடுது. யாராவது தடுக்கி விழப்போறாங்க."

"சாப்பிட்டுட்டு..."

"இப்பவேண்ணே."

"வேண்டாம்ப்பா" என்றாள் மகள். ஆடுகிறது என்று கேட்டபிறகு அவரால் உட்கார முடியாது. புதுச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு போனார்.

அவர் தலை மறைந்ததும் முதலாளி எங்கள் பக்கம் திரும்பினார். "நீங்களும் தட்டை எடுத்துக்கிட்டுப் பின்னாடி வந்துடுங்க. கூட்டம் சேர்ற வரைக்கும் முன்பக்கம் காலியா தெரியக் கூடாதேன்னுதான் உக்கார வெச்சேன். காசு குடுத்துச் சாப்பிடறவங்க நிக்கறாங்க."

அதிகாரி தட்டைத் தொடவில்லை. கை கழுவப் போனவர், போன வேகத்தில் திரும்பி வந்தார். "உன் மாமனாரைப் போய்ப் பாரு. கக்கூஸ்ல முட்டி போட்டு உக்காந்திருக்காரு" என்றார் மகனிடம். பையன் தட்டையே பார்த்தான். பிறகு எழுந்து, வெளியே நடந்த அப்பா அம்மா பின்னாலேயே போய்விட்டான்.

அண்ணன் ஈரக் கையோடு வந்தபோது எங்கள் மேஜையில் வேறு யாரோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் மகளும் வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் நின்றோம்.

"ஒரே ஒரு வேளை உங்களால உக்கார முடியலையாப்பா?" என்றாள் அவள். அவர் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

எனக்குக் கோபப்படத் தெரியாது என்பார்கள். அன்றைக்கு ஆண்டவனிடமே கோபப்பட்டேன், பிறகு மன்னிப்பும் கேட்டேன். பையன் வீட்டிலிருந்து அதற்கப்புறம் பேச்சில்லை. மகள் வெளியூரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். அப்பா கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை.

அண்ணனும் வீட்டைக் காலி செய்தார். எங்கோ தூரத்தில் கட்டட வேலையாம். போகிற அன்று காலையில் தோளில் பையோடு வந்து, எங்கள் குளியலறைத் தரையைக் காலால் அழுத்திப் பார்த்தார். வாசல் வரைக்கும் போனவர் நின்றார்.

"யார்கிட்டயும் சொல்லல தங்கச்சி. அன்னைக்கு ஓட்டல் பாத்ரூம்ல எல்லாத்தையும் ஒண்ணு விடாம தட்டிப் பாத்தேன். ஒரு டைல்ஸ்கூட ஆடல."